பாடத்தை விளையாட்டாக்கினால் படிப்பு ஏறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்களில் கணக்குதான் அதிகம் வரும், நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் அதில்தான் நடந்திருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை எடுத்துக்கொண்டே போவதால் மேலிருந்து படிப்பது நல்லது.

விளையாடினா படிப்பு வரும்னு சொல்றாங்களே, நிஜமாவே வருமா, இல்ல இதுவும் ஒரு ஃபேஷனா?

வரும், ஆனால் எல்லா விளையாட்டிலும் வராது. அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் முன்பருவ மையங்களில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் செய்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. ஒரே வரிசையாகக் கட்டங்கள், அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள், சுழற்றினால் 1 அல்லது 2 விழும், அவ்வளவு கட்டம் காய் நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நான்கே முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடினார்கள். எது பெரிய எண், ஒரு கோட்டில் 7 எங்கே வரும், எண்ணைப் பார்த்துச் சொல்வது என்று எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது குறையாமல் இருந்தது.

இதில் முக்கியமானது இன்னொரு குழு. அவர்களுக்கும் அதே மாதிரி அட்டை, அதே மாதிரி சுழற்றுவது, அதே நேரம். எண்ணுக்குப் பதில் கட்டங்களில் நிறம் மட்டும். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் ஆடியிருப்பார்கள், ஆனால் எண்ணறிவில் அந்த முன்னேற்றம் இல்லை. அதாவது சொல்லிக்கொடுத்தது விளையாட்டின் சந்தோஷம் இல்லை, காயை நகர்த்தும்போது வாய்விட்டுச் சொன்ன எண்கள்தான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதுதான்: காய் நகர்த்த எதை யோசிக்க வேண்டியிருக்கிறதோ அதைத்தான் பிள்ளை கற்கிறது, சுற்றி இருக்கிற படமும் பாட்டும் கணக்கில் வராது.

கல்வி விளையாட்டுன்னா செல்போன்ல ஆடுற ஆப் தானே?

இல்லை. தரையில் சாக்பீஸால் போட்ட கட்டமும் கல்வி விளையாட்டுதான். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிதும் இல்லை. ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறையிலிருந்து எடுத்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டைகளும் விளையாட்டும் இருந்தன. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து ஆட்டமும் பாட்டுமாகத்தான் பாடம் போகிறது. ஆப் என்பது இதில் ஒரு வகை, அதைப் பற்றித் தனியாகக் கீழே.

காசு செலவில்லாம நாளைக்கே வகுப்புல ஒண்ணு ஆட வைக்கணும், எதை ஆரம்பிக்கலாம்?

ஒன்றாம் வகுப்பு என்றால் முதல் பதிலில் சொன்ன வரிசைக் கட்டமே போதும். தரையில் இடமிருந்து வலமாகப் பத்துக் கட்டம், எண்களை எழுதிவிடுங்கள். பகடைக்கு ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய இரண்டு புளியங்கொட்டைகள். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம், ஒன்றுமே வெள்ளையாக விழாவிட்டால் ஆட்டம் அடுத்தவருக்கு. ஒரே ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: காய் 3-ல் இருந்து 2 விழுந்தால் பிள்ளை "நாலு, அஞ்சு" என்று சொல்லி நகர வேண்டும், "ஒண்ணு, ரெண்டு" என்று இல்லை. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 100 வரையுள்ள அட்டையை வைத்துப் பின்னால் எலிடா லாஸ்கியும் சீக்லரும் செய்த ஆய்வில், நின்ற எண்ணிலிருந்து மேலே எண்ணிய பிள்ளைகள்தான் நன்றாகக் கற்றார்கள், ஒன்றிலிருந்து எண்ணியவர்களுக்கு அந்த அளவு பயன் இல்லை. அட்டையும் ஒன்று, பகடையும் ஒன்று, வாயில் வருகிற சொல் மட்டும்தான் வேறு.

மூன்றாம் வகுப்புக்கு இடமதிப்பு ஆட்டம். நோட்டில் மூன்று பெட்டி போடச் சொல்லுங்கள், நூறு, பத்து, ஒன்று. நீங்கள் பகடையை மூன்று தடவை உருட்டுவீர்கள், விழுந்த எண்ணை விழுந்தவுடன் ஏதாவது ஒரு பெட்டியில் எழுதிவிட வேண்டும், மாற்றக் கூடாது, பெரிய எண் வந்தவருக்கு வெற்றி. முதலில் 4 விழுந்தால் நூறில் போடுவதா, 6 வரும் என்று காத்திருப்பதா என்று பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிப்பதைப் பார்க்கணும். அந்த யோசனைதான் பாடம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரிடமாவது "ஏன் அங்கே போட்டே?" என்று கேளுங்கள், கேட்காமல் அடுத்த சுற்றுக்குப் போனால் பாதி பயன் போய்விடும்.

நம்ம பாட்டி காலத்து பல்லாங்குழி, தாயம், பரமபதம் எல்லாம் கணக்குதான்னு வாட்ஸப்ல வருதே, உண்மையா?

ஒவ்வொன்றிலும் பிள்ளை எதை யோசிக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தால்தான் தெரியும். பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டே போவதால் ஒன்றுக்கொன்று பொருத்தி எண்ணும் பழக்கம் நன்றாக வரும். பல ஊர்களில் நாலு சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்வதால் எண்ணாமலே நாலைக் கண்ணால் அடையாளம் காணவும் பழகிவிடும். கொஞ்சம் தேறியவர்கள் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்ப்பார்கள், அது நல்ல மனக்கணக்கு. ஆனால் பல்லாங்குழியில் எண் எழுத்தே இல்லை. 14 குழியை நாள் முழுக்கச் சுற்றி வந்தாலும் "14" என்று எழுதத் தெரியாமல் இருக்கலாம்.

தாயத்தில் இரண்டு கட்டையில் விழுந்ததைச் சேர்ப்பது உண்டு, அது போகப் போகப் பழகிவிடும், அதற்கு மேல் அது காய் வெட்டும் தந்திரம்தான். ஆடுபுலி ஆட்டம் முழுக்கத் தந்திரம், கணக்கு இல்லை. பரமபதத்தில் எண் இருக்கிறது, ஆனால் வரிசைகள் ஒன்று வலப்பக்கமாகவும் அடுத்தது இடப்பக்கமாகவும் திரும்பித் திரும்பிப் போகும், சின்னப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் போனால் எண் கூடும் என்பதே குழம்பும். சீக்லரும் ரமணியும் 2009-ல் நேர்வரிசை அட்டையையும் வட்டமான அட்டையையும் ஒப்பிட்டபோது நேர்வரிசைதான் எண்ணறிவைக் கூட்டியது. அதனால் முதலில் நேர்வரிசை, பரமபதம் அப்புறம். பாட்டி காலத்து ஆட்டங்களை ஆடுவதற்குக் கணக்குச் சாக்கு தேவையே இல்லை என்பது என் கட்சி. ஆடினால் நன்றாக இருக்கும், அது போதாதா?

எங்க ஸ்கூல்ல வாரம் ஒரு பீரியட் கேம்ஸ் வெச்சுத்தான் சொல்லித் தர்றாங்க, பசங்களுக்கு ஜாலி, ஆனா மார்க் ஏறலையே?

ஜாலியும் கற்றலும் தனித்தனி. பீட்டர் வௌட்டர்ஸ் குழுவினர் 2013-ல் இத்தகைய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாடத்துக்கான கணினி விளையாட்டு வழக்கமான முறையைவிடக் கற்றலுக்கும் நினைவில் நிற்பதற்கும் கொஞ்சம் கூடுதலாக உதவியது, ஆனால் ஆர்வத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஊரில் எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிர் இது. அதே தொகுப்பில் இன்னும் மூன்று விஷயம் வந்தது: விளையாட்டோடு வேறு கற்பித்தலும் சேர்ந்திருந்தால் பலன் கூடுகிறது, ஒரே தடவை ஆடுவதைவிடப் பல தடவை ஆடினால் கூடுகிறது, தனியாக ஆடுவதைவிடக் குழுவாக ஆடினால் கூடுகிறது.

ஆகவே உங்கள் பள்ளியில் கேட்க வேண்டியது: அந்த ஆட்டம் அந்த வாரப் பாடத்தோடு ஒட்டியதா, ஆடி முடித்தபிறகு ஆசிரியர் அதைப் பற்றிப் பேசுகிறாரா, அதே ஆட்டம் திரும்ப வருகிறதா. வாரம் ஒரு புது ஆட்டம் என்றால் பீரியடில் பாதி விதியைப் புரிந்துகொள்ளவே போய்விடும்.

நல்ல கல்வி விளையாட்டு எது, டம்மி எதுன்னு பார்த்ததும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பாடத்தை எடுத்துவிட்டு ஆட்டத்தை ஆட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் டம்மி. கார் ஓடுகிறது, நடுவில் நின்று "7 × 8 எவ்வளவு?" என்று கேட்கிறது, சொன்னால் மறுபடி ஓடுகிறது என்றால் கணக்கு அங்கே டோல்கேட் மாதிரி, எப்போது கடப்போம் என்றுதான் பிள்ளை பார்க்கும்.

இங்கிலாந்தில் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் ஐன்ஸ்வொர்த் இருவரும் இதை நேராகவே சோதித்து 2011-ல் எழுதினார்கள். "ஸோம்பி டிவிஷன்" என்று ஒரு ஆட்டம், எலும்புக்கூடுகள் வரும், ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு எண். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற ஆயுதத்தால் அடித்தால்தான் அது விழும். அதே ஆட்டத்தின் இன்னொரு பதிப்பில் எண்கள் இல்லாமல் சண்டை, நிலை முடிந்தபின் கணக்குக் கேள்விகள். சண்டைக்குள்ளேயே வகுத்தல் இருந்த பதிப்பை ஆடிய பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடலாம் என்று விட்டபோது அந்தப் பதிப்பில்தான் ஏழு மடங்கு நேரம் செலவழித்தார்கள்.

தமிழுக்கும் இதே அளவுகோல்தான். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலியில் எழுத்தைக் கவனிக்காமல் ஒரு அடி நகர முடியாது. (மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால் "மரம்" வந்தால் "ம" வரிசை என்று புள்ளியை நீக்கிவிட்டு ஆடச் சொல்லணும், இல்லாவிட்டால் இரண்டாம் சொல்லிலேயே ஆட்டம் நின்றுவிடும்.) வாயால் மட்டும் ஆடினால் அது ஒலிப் பயிற்சி, கரும்பலகையில் எழுதி ஆடினால்தான் எழுத்துப் பயிற்சி. ர, ற குழப்பத்தைத் தீர்க்க நினைத்துவிட்டு வாயால் ஆட வைத்தால் அது தீராது.

40 பிள்ளைங்க, ஒரே டீச்சர், சத்தம் தாங்காது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

சத்தம் வரும், அதற்கு மருந்து இல்லை. ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் சத்தத்துக்குக் காரணம் ஆடுகிறவர்கள் இல்லை, காத்திருக்கிறவர்கள். ஒரு முறை ஆட அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் கொண்ட குழுவில் 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏழு முறைகூடக் கிடைக்காது, மீதி நேரம் முழுக்கச் சும்மா. இரண்டு பேராக ஆடினால் ஆளுக்கு 20 முறை. முழு வகுப்பையும் இரண்டு அணியாகப் பிரித்து ஒருவரை முன்னால் கூப்பிட்டு ஆட வைப்பது பார்க்க அழகாக இருக்கும், வீடியோவும் நன்றாக வரும், கற்பது முன்னால் நிற்கிற ஒரு பிள்ளை மட்டும்.

அதனால் ஜோடி ஜோடியாக, எல்லா ஜோடிக்கும் ஒரே ஆட்டம். விதியை வாயால் விளக்காதீர்கள், இரண்டு பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டுங்கள். புளியங்கொட்டை, காய் எல்லாம் ஜோடிக்கு ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தால் விநியோகிக்க ஒரு நிமிடம். ஓராசிரியர் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளையைச் சின்ன வகுப்புப் பிள்ளையோடு உட்கார வைப்பதும் நன்றாக நடக்கிறது.

ஜெயிக்கிறவனே ஜெயிச்சுக்கிட்டு இருக்கான், தோக்கிற பிள்ளை மூலைல உட்கார்ந்துடுது, என்ன பண்றது?

ஆட்டத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டத்தைச் சேருங்கள். பகடை இருக்கிற ஆட்டத்தில் நன்றாகப் படிக்கிறவனும் தோற்பான், அது இரண்டு பேருக்குமே நல்லது. மேலே சொன்ன இடமதிப்பு ஆட்டத்தில் பாதி யோசனை, பாதி பகடை, அதனால்தான் அது வருடக்கணக்கில் ஓடுகிறது. அப்புறம், ஏறக்குறைய சமமானவர்களை ஜோடி சேர்ப்பது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970-களில் டேவிட் டிவ்ரீஸும் கீத் எட்வர்ட்ஸும் உருவாக்கிய அணிப் போட்டி முறையில் இதற்கு நல்ல ஏற்பாடு உண்டு: கலப்பான அணிகளில் சேர்ந்து படிப்பார்கள், ஆனால் போட்டி மேஜையில் ஒவ்வொருவரும் தன் அளவுள்ள வேறு அணிக்காரரோடுதான் மோதுவார்கள், கிடைத்த புள்ளி அணிக்குப் போகும். தடுமாறுகிற பிள்ளையாலும் அணிக்கு முழுப் புள்ளி கொண்டுவர முடியும்.

வேகத்துக்குப் புள்ளி தருகிற ஆட்டங்களை மெதுவாக யோசிக்கும் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே வேகம்தான் பாடமாகிவிடுகிறது.

ஸ்டார், பாயின்ட், சாக்லேட் கொடுத்தா இன்னும் நல்லா ஆடுவாங்கல்ல?

இன்றைக்கு ஆடுவார்கள். 1973-ல் மார்க் லெப்பர் குழுவினர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த சோதனை பழையது, ஆனால் இன்னும் பேசப்படுவது. படம் வரைய ஏற்கெனவே பிடித்த பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். பிறகு தானாக வரைய விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் பரிசு பேசப்படாத பிள்ளைகளைவிடப் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. முன்பே சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே எப்போதாவது ஒரு கைதட்டல், ஒரு மிட்டாய், தப்பில்லை. "இத்தனை புள்ளி எடுத்தால் இது" என்று பேரம் பேசித் தொடங்காமல் இருந்தால் போதும். யாருக்கு எத்தனை ஸ்டார் என்று சுவரில் வருடம் முழுக்க ஒட்டி வைக்கிற அட்டவணையை நான் கழற்றச் சொல்வேன். அதைப் பார்த்து ஊக்கம் பெறுவது மேலே இருக்கிற நாலு பேர்தான்.

செஸ் கிளாஸ் சேர்த்துவிட்டா கணக்குல மூளை வளரும்கிறாங்களே?

செஸ் வளரும். செஸ்ஸுக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது, 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேரம் வரை செஸ் சொல்லிக்கொடுத்து, ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தேர்வில் பார்த்தார்கள். செஸ் கற்ற பள்ளிக்கும் கற்காத பள்ளிக்கும் வித்தியாசம் இல்லை என்று 2016-ல் அறிக்கை வந்தது. முதல் பதிலில் சொன்ன விதியை வைத்தால் இதில் ஆச்சரியமே இல்லை, குதிரையை நகர்த்தப் பின்னம் தெரிய வேண்டியதில்லை.

"மூளைப் பயிற்சி" என்று விற்கிற ஆப்களும் இதே ரகம். லூமோசிட்டி என்ற நிறுவனம் படிப்பிலும் வேலையிலும் திறன் கூடும் என்று விளம்பரம் செய்ததற்கு 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. செஸ் பிடித்தால் தாராளமாகச் சேருங்கள், செஸ்ஸுக்காக.

கம்ப்யூட்டர் கேம்ஸ் வெச்சு நம்ம நாட்டுல எங்கயாவது நிரூபிச்சிருக்காங்களா?

வடோதராவில். மாநகராட்சிப் பள்ளிகளில் அரசு கொடுத்த கணினிகளை வைத்து, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள். பள்ளி நேரத்தில் ஒரு மணி, வெளியே ஒரு மணி, ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் நடத்தியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-ல் எழுதிய கட்டுரைப்படி இரண்டாம் ஆண்டில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) கூடியது. கல்வி ஆய்வில் இது பெரிய எண். ஆனால் மொழிப் பாடத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஆடியது கணக்குதானே. திட்டம் நின்று ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 0.47-ல் ஏறக்குறைய 0.1 மட்டும் மிஞ்சியிருந்தது. சுருங்கச் சொன்னால் வேலை செய்தது, நிறுத்தியதும் கரைந்தது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது அதே குஜராத்தில் லீ லிண்டன் செய்தது. ஞானசாலா என்ற அமைப்பின் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியில் உட்கார வைத்தபோது பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே கற்றார்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்தபோது கூடியது. அங்கே ஆசிரியர் நடத்துகிற பாடம் ஏற்கெனவே நன்றாக இருந்தது, அதைப் பிடுங்கிவிட்டுக் கணினியை வைத்தால் நஷ்டம்தான். உங்கள் பள்ளி எதை நிறுத்திவிட்டு விளையாட்டை வைக்கிறது என்பதையும் கேட்காமல் "நல்லதா கெட்டதா" என்று பதில் சொல்ல முடியாது.

ஆப்புக்கு வருடச் சந்தா கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டும் முன் இலவசப் பகுதியை நீங்களே அரை மணி ஆடிப் பாருங்கள், மேலே சொன்ன "பாடத்தை எடுத்துவிட்டால்" சோதனையோடு. தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று காட்டுகிறதா, இல்லை சிவப்புப் பெருக்கல் குறியோடு போய்விடுகிறதா என்று பாருங்கள். யோசிக்காமல் எல்லா விடையையும் வரிசையாகத் தொட்டாலும் அடுத்த நிலைக்குப் போக முடிகிறது என்றால் மூடிவிடலாம், பிள்ளைகள் அந்த வழியை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அரசின் மணற்கேணி செயலி இலவசம், ஆனால் அது அசைபட விளக்கப் பாடங்கள், விளையாட்டு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சின்னப் பிள்ளை என்றால் இன்னொன்று. இரண்டிலிருந்து நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்பது 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த வயதுக்குப் புளியங்கொட்டையே போதும்.

பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு இதெல்லாம் செல்லுபடியாகுமா? அங்க போர்ஷன் முடிக்கவே நேரமில்ல.

அட்டை ஆட்டமெல்லாம் அங்கே எடுபடாது, வினாடி வினா எடுபடும். படித்ததைத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எடுக்கப் பார்ப்பது நாள்பட நினைவில் நிற்க உதவுகிறது. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் காட்டியது இது. கஹூட் போன்ற செல்போன் வினாடி வினா ஆட்டங்கள் வேலை செய்வது அதனால்தான், வண்ணத்தாலும் இசையாலும் இல்லை. செல்போன் இல்லாத வகுப்பில் ஆளுக்கொரு ஸ்லேட்டோ பழைய நோட்டுத் தாளோ, எல்லோரும் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டினால் அதே பயன். அன்றைக்கு நடத்திய பாடத்திலேயே கேட்காமல் போன வாரம், போன மாதம் நடத்தியதிலும் இரண்டு கேள்வி சேருங்கள். ஐந்து நிமிடம் போதும், போர்ஷன் ஓடிப்போகாது.

விளையாடும்போது டக்குனு சொல்றா, அதையே நோட்டுல போடச் சொன்னா முழிக்கிறா. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இது. டெல்லியில் பிரதம் நடத்திய முன்பருவ மையங்களில் எலிசபெத் ஸ்பெல்கி, டுஃப்லோ குழுவினர் நான்கு மாதம் எண், வடிவ விளையாட்டுகள் ஆட வைத்தார்கள். 214 மையங்கள், 1,540 பிள்ளைகள், முடிவு 2017-ல் வந்தது. எது அதிகப் புள்ளி, எது வேறு வடிவம் என்கிற உள்ளுணர்வுக் கணக்கில் ஒரு வருடம் கழித்தும் அந்தப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். ஆனால் பள்ளியில் சேர்ந்தபின் எண்ணாலும் குறியாலும் செய்கிற கணக்கில் அவர்களுக்கு எந்த முன்னிலையும் இல்லை.

2025-ல் பானர்ஜி, டுஃப்லோ, ஸ்பெல்கி ஆகியோர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதைவிட முகத்தில் அறைகிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், கிலோ இவ்வளவு என்றால் 800 கிராமுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நேர் எதிர், தாளில் போடுவார்கள், சந்தைக் கணக்கில் திணறுவார்கள். தெரிந்தது தானாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதில்லை. மேலை நாட்டிலும் இதே கதைதான், டிராகன்பாக்ஸ் என்ற இயற்கணித ஆட்டத்தைச் சாதாரணக் கணினிப் பயிற்சியோடு ஒப்பிட்டபோது ஆட்டத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் ரசித்தார்கள், உண்மையான சமன்பாட்டைப் போடுவதில் பயிற்சி பெற்றவர்களே மேலே நின்றார்கள்.

அதனால் பாலத்தை நீங்கள்தான் போட வேண்டும், ஆட்டத்துக்கு உள்ளேயே போட்டால் நல்லது. வரிசைக் கட்டத்தில் 3-ல் இருந்து 2 நகர்ந்தால் பக்கத்தில் 3 + 2 = 5 என்று எழுதிவிட்டுத்தான் புளியங்கொட்டையை அடுத்தவரிடம் தர வேண்டும் என்று விதி வையுங்கள். கடை விளையாட்டு ஆடினால் பில் எழுதாமல் பொருள் கிடையாது. முதல் வாரம் ஆட்டம் மெதுவாகும், பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். எழுதவே வராத பிள்ளைக்கு 3, +, 2 என்று அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லலாம்.

இப்படியே பழகிட்டா அப்புறம் சாதாரணப் பாடத்துக்கு உட்காரவே மாட்டாங்களே?

எல்லாப் பாடத்தையும் விளையாட்டாக்கினால் அந்தப் பயம் நியாயம். ஆக்கவும் முடியாது. புதுக் கருத்தைத் தெளிவாக விளக்குவதற்கு நல்ல ஆசிரியர் கரும்பலகை முன் நிற்கிற பத்து நிமிடத்துக்கு ஈடாக எந்த ஆட்டத்தையும் நான் பார்த்ததில்லை. விளையாட்டு அதன் பிறகு, பழகுவதற்கு. பெருக்கல் வாய்ப்பாடு, இடமதிப்பு, சொல் படிப்பது மாதிரி நிறையத் தடவை திரும்பச் செய்ய வேண்டியவற்றில்தான் அதன் பலம். நீளமான பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதற்கு ஆட்டம் தேட வேண்டாம், உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

பார்வைக்கு வர்ற அதிகாரி "பாடம் நடத்தாம விளையாடிக்கிட்டு இருக்கீங்களா"ன்னு கேட்டா என்ன காட்டுறது?

மதிப்பெண் தாள். ஒரு ஆட்டத்தைத் தொடங்குமுன் ஐந்து கேள்வி, எழுத்தில், ஆட்டத்தில் இல்லாத எண்களை வைத்து. மூன்று வாரம் கழித்து அதே தரத்தில் வேறு ஐந்து. ஆட்டத்தில் யார் எத்தனை தடவை ஜெயித்தார்கள் என்பதைக் காட்டாதீர்கள், அது பகடையின் மதிப்பெண். இடையில் விடுமுறை வந்தால் திரும்பிய வாரம் இன்னொரு முறை வையுங்கள், வடோதராவில் நடந்தது மாதிரி கரைந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

மூன்று வாரத்தில் ஒன்றும் ஏறவில்லை என்றால் ஆட்டத்தை மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த ஆட்டமாக இருந்தால் அதை மதிய இடைவேளைக்குத் தள்ளிவிடலாம், அங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.